நவீன இசையின் தொடக்கக் காலத்தைக் கேட்கப் பழகுவது எப்படி?

மொசார்ட், பீத்தோவன் வரை ரசித்துக் கேட்பவர்கள் பலரும் 1910-ஐ ஒட்டி எழுதப்பட்ட மேற்கத்திய இசைக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். வியன்னாவின் ஷோன்பெர்க்கைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் அணைத்துவிடத் தோன்றுகிறது. எரிக் சாட்டி ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறார். ஹிண்டமித் வறட்சியாகப் படுகிறார். இவர்களோடு பழக ஒரு நல்ல வழி உண்டு. ‘இது அழகாக இருக்கிறதா?’ என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, ‘இது இங்கே என்ன வேலை செய்கிறது?’ என்று கேட்டுக்கொண்டே கேளுங்கள்.

அந்த இசையமைப்பாளர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்ட கேள்விதான் இது. ஆனால் இரண்டு திசையில் கேட்டார்கள். வியன்னாவில் இருந்தவர்கள், ஒரு படைப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு சுரமும் தன் வேலையைச் செய்ய வேண்டும், சும்மா இருக்கும் சுரம் வெளியே போகட்டும் என்றார்கள். பாரிஸிலும் பெர்லினிலும் இருந்த சிலர், படைப்பு முழுவதும் சேர்ந்து உலகத்தில் ஒரு வேலை செய்ய வேண்டும் என்றார்கள். இரண்டாவது நமக்கு அந்நியமில்லை. தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்கு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாவதற்குத்தான் காது பழக வேண்டும். அதனால் வியன்னாவிலிருந்து தொடங்குவோம்.

தொடங்கும் முன் ஒரு கட்டிடம்

பாட்டைப் போடுவதற்கு முன் வியன்னாவின் மிகேலர்பிளாட்ஸ் சதுக்கத்தில் இருக்கும் லோஸ் மாளிகையின் படத்தைத் தேடிப் பாருங்கள். கட்டிடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் கட்டியது. 1909-இல் தொடங்கி 1911-இல் முடிந்தது. எதிரில் அரண்மனை; சிலை, தூண், வளைவு என்று எங்கும் அலங்காரம். லோஸின் கட்டிடத்திலோ மேல் மாடிகள் வெறும் வெள்ளைச் சுவர். சன்னல்களைச் சுற்றி எந்த வேலைப்பாடும் இல்லை. வியன்னாக்காரர்கள் அதைப் ‘புருவமில்லாத வீடு’ என்று கேலி செய்தார்கள். நகராட்சி நடுவில் வேலையை நிறுத்தி வைத்தது. கடைசியில் சில சன்னல்களுக்குக் கீழே பூந்தொட்டி வைக்கச் சம்மதித்துத்தான் பிரச்சினை தீர்ந்தது.

படத்தைப் பெரிதாக்கிக் கீழ்த்தளத்தைப் பாருங்கள். பச்சை நரம்போடும் விலையுயர்ந்த பளிங்கு. லோஸுக்கு அழகின் மேல் பகை இல்லை. பொருளின் மேல் ஒட்டவைத்த அழகுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பளிங்குக்குத் தன் நரம்பே போதும் என்றார். இதைப் பிடித்துக்கொண்டால் ஷோன்பெர்க்கைப் பாதி புரிந்துகொண்ட மாதிரிதான். இருவரும் நண்பர்கள். ஷோன்பெர்க்கின் கச்சேரிகளுக்கு லோஸ் கைக்காசு போட்டு உதவியிருக்கிறார்.

1909 ஆகஸ்டில் இசையமைப்பாளர் புசோனிக்கு எழுதிய கடிதத்தில் ஷோன்பெர்க் தன் விருப்பத்தைச் சொல்கிறார். கட்டிடத்துக்குச் செங்கல், சிமெண்ட் போல ஹார்மனியை, அதாவது பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதை, பயன்படுத்தும் வழக்கம் வேண்டாம். ஹார்மனி உணர்ச்சியை வெளியிட மட்டுமே இருக்க வேண்டும். நீட்டி முழக்கும் பெரிய படைப்புகள் வேண்டாம், சுருக்கம் வேண்டும். சொன்னதை இரண்டு ஆண்டில் செய்தும் காட்டினார்.

ஒன்பது பார்களில் ஒரு உலகம்

தேட வேண்டியது: ஷோன்பெர்க், ஆறு சிறு பியானோ துண்டுகள், ஓபஸ் 19 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்). முதல் ஐந்தையும் 1911 பிப்ரவரி 19 அன்று, ஒரே நாளில் எழுதினார். ஆறும் சேர்ந்தே ஐந்தாறு நிமிடம்தான். மௌரிசியோ பொலினி வாசித்த பதிவும் க்ளென் கூல்ட் வாசித்த பதிவும் எளிதில் கிடைக்கும். முதலில் பொலினியைக் கேளுங்கள். அதில் ஒலிகள் துல்லியமாகப் பிரிந்து கேட்கும்.

இரண்டாவது துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதே பார் (இசைத் தாளில் கோடு போட்டுப் பிரித்த சிறு தாள அளவு). ஹெட்ஃபோன் போட்டு, வேறு வேலை இல்லாமல் உட்காருங்கள். முதல் தடவை எதையும் கவனிக்க முயலாமல் விடுங்கள். பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை, ஒரு நிமிடம் சொச்சம்தானே.

இரண்டாம் தடவை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பின்தொடருங்கள். ஜி, பி என்ற இரண்டு சுரங்கள் சேர்ந்து, குட்டை குட்டையாக, மிக மெல்லிய ஒலியில் தொடக்கத்திலேயே வரும். துண்டு முழுக்க விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும், ஆனால் சீரான தாளத்தில் வராது. அடுத்து எப்போது வரும் என்று ஊகிக்கப் பாருங்கள். பெரும்பாலும் ஏமாந்து போவீர்கள். அந்த ஏமாற்றம்தான் துண்டை நகர்த்துகிறது.

கர்நாடக இசையில் வளர்ந்த காதுக்கு இங்கே ஒரு சிரமம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நாம் எந்தச் சுரத்தையும் ஆதார சுருதியோடு சேர்த்தே கேட்கிறோம். ஷோன்பெர்க் 1908 வாக்கில் அந்த ஆதாரத்தை எடுத்துவிட்டார். அதனால் சுரங்கள் காற்றில் தொங்குகிற மாதிரி இருக்கும். ஆனால் இந்தத் துண்டில் அந்த இரட்டைச் சுரம் ஒரு வேலை செய்கிறது. அது நமக்குப் பழக்கமான ஷட்ஜம் ஆகாது. ராகம் எதுவும் அதில் போய் முடிவதில்லை. என்றாலும் நிற்க ஒரு இடம் தருகிறது. மற்ற சுரங்கள் அதிலிருந்து எவ்வளவு தூரம் போகின்றன என்று அளந்து பார்க்க முடிகிறது.

மூன்றாம் தடவை, அந்த மற்ற சுரங்களைக் கேளுங்கள். ஒவ்வொன்றைப் பற்றியும், ‘இது இல்லாமல் போனால் என்ன குறையும்?’ என்று கேளுங்கள். மெல்லிசையில் ஒரு சுரத்தைச் சுற்றிப் பத்துச் சுரம் அலங்காரமாக ஓடும். சிலவற்றை எடுத்தாலும் பாட்டு நிற்கும். இங்கே ஒன்றை எடுத்தாலும் ஓட்டை விழும். நான்காம் தடவை இடைவெளிகளைக் கேளுங்கள். ஷோன்பெர்க் மௌனத்துக்கும் வேலை கொடுத்திருக்கிறார் என்பது தெரியும். இது மனதில் படிந்த பிறகு கூல்ட் வாசித்ததைப் போடுங்கள். அதே ஒன்பது பார் எப்படி வேறாகிறது என்று கவனியுங்கள்.

அலங்காரம் போனால் உணர்ச்சியும் போய்விடும் என்று நினைப்பவர்கள் ஆறாவது துண்டுக்குத் தாவலாம். 1911 மே 18 அன்று இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் இறந்தார். ஷோன்பெர்க் அவரை மிகவும் மதித்தவர். ஜூன் 17 அன்று இந்த ஆறாவது துண்டை எழுதினார். இதுவும் ஒன்பது பார்தான். தூரத்து மணி போல இரண்டு கோர்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள்) ஒன்றின் மேல் ஒன்றாக வந்து நிற்கும். எனக்குத் தெரிந்து துக்கத்தை இவ்வளவு குறைந்த பேச்சில் சொன்ன இசை அதிகம் இல்லை.

வெபர்ன்: இன்னும் சுருக்கமாக

ஆன்டன் வெபர்ன் ஷோன்பெர்க்கின் மாணவர். அவருடைய ஓபஸ் 10, சிறு ஆர்கெஸ்ட்ராவுக்கான ஐந்து துண்டுகள். அதில் நான்காவது ஆறு பார் சொச்சம், அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மாண்டலின் தொடங்கும், இடையில் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசும், வயலின் முடிக்கும். ஒரு வாத்தியம் ஏன் அங்கே இருக்கிறது என்றால், அந்தச் சில சுரங்களை அந்த நிறத்தில் அதுதான் சொல்ல முடியும் என்பதற்காக. ஐந்து தடவை கேட்டாலும் மூன்று நிமிடம் ஆகாது. கேட்டுவிட்டு மேலே போகலாம்.

கேட்கும் முறையையே மாற்றியவர்கள்

1913 மார்ச் 31 அன்று வியன்னாவின் முசிக்ஃபெரைன் அரங்கில் ஷோன்பெர்க் நடத்திய கச்சேரி கைகலப்பில் முடிந்தது. கூட்டம் கத்தி, சிரித்து, அடித்துக்கொண்டது. நிகழ்ச்சியை முடிக்கவே முடியவில்லை.

1918 நவம்பரில் ஷோன்பெர்க் வேறு வழியில் வந்தார். தனி இசை நிகழ்ச்சிகளுக்கான சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். அதன் விதிகள் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு இன்றும் பொருந்தும். உறுப்பினர் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. விமர்சகர்களுக்கு இடமில்லை. கைதட்டக் கூடாது, எதிர்ப்பும் காட்டக் கூடாது. அன்று என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். புதிய படைப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். கச்சேரியின் வேலை இசையைப் புரிய வைப்பது. பகட்டு, பாராட்டு, சண்டை எல்லாம் அந்த வேலைக்கு இடைஞ்சல். 1921 கடைசி வரை, நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் இப்படி நடந்தன.

இதை வீட்டில் நீங்களும் செய்யலாம். ஒரு படைப்பை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி யாரும் எழுதியதைப் படிக்காதீர்கள். பிடித்திருக்கிறதா என்று வார நடுவில் முடிவு கட்டாதீர்கள். நண்பர் ஒருவர் சேர்ந்தால் இன்னும் நல்லது. பெயர் சொல்லாமல் ஒருவர் மற்றவருக்குப் போட்டுக் காட்டலாம்.

சங்கத்திடம் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்குப் பணம் இல்லை. அதனால் பெரிய படைப்புகளைச் சில வாத்தியங்களுக்குச் சுருக்கி எழுதினார்கள். இது நமக்கு அருமையான பாடம். மாலரின் நான்காம் சிம்பொனியை முழு ஆர்கெஸ்ட்ராவில் கேட்டுவிட்டு, எர்வின் ஸ்டைன் 1921-இல் சுருக்கியதைக் கேளுங்கள். வண்ணம் குறைந்ததும் எந்தக் குரல் எதைத் தாங்குகிறது என்று பளிச்சென்று தெரிகிறது. அப்புறம் மகிழ்ச்சிக்காக ஒன்று: 1921 மேயில் சங்கத்துக்குப் பணம் திரட்ட ஷோன்பெர்க், அவர் மாணவர்கள் பெர்க், வெபர்ன் மூவரும் யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் நடன இசைகளைச் சிறு குழுவுக்கு மாற்றி எழுதினார்கள். வெபர்ன் எழுதியது ‘புதையல் வால்ட்ஸ்’. கேட்டால் இந்த மனிதர்கள் எவ்வளவு அன்பாக வாசித்திருப்பார்கள் என்று தெரியும்.

இப்போது திசையை மாற்றுங்கள்: சாட்டி

இதுவரை இசையைக் கூர்ந்து கேட்டீர்கள். அடுத்த பயிற்சி அதற்கு நேர் எதிர். கேட்காமல் இருக்க வேண்டும்.

1917-இல் எரிக் சாட்டி பாரிஸில் ‘அறைகலன் இசை’ என்று ஒன்றைத் தொடங்கினார். வெளிச்சமும் வெப்பமும் அறையில் இருக்கிற மாதிரி இசையும் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். ‘தேனிரும்புத் திரைச்சீலை’ என்பதுபோல் தலைப்பு வைத்த ஒரு துண்டு, விருந்தினர் வந்து சேரும்போது வீட்டு முன்கூடத்தில் வாசிக்க. ‘ஒலித் தரையோடு’ என்று ஒன்று, மதிய விருந்திலோ திருமண ஒப்பந்தத்தின்போதோ வாசிக்க. எதற்கு, எங்கே என்று அவரே தாளில் குறித்திருக்கிறார். ஒவ்வொன்றும் சில பார்கள்தான். வேண்டிய மட்டும் திருப்பி வாசித்துக்கொள்ளலாம்.

1920 மார்ச் 8 அன்று பார்பசாஞ்ஜ் ஓவியக் கூடத்தில், ஒரு நாடகத்தின் இடைவேளையில், இசையமைப்பாளர் டேரியஸ் மீயோவோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்தார். வாத்தியக்காரர்களை அறையின் வெவ்வேறு மூலைகளில் உட்கார வைத்தார்கள். இசை தொடங்கியதும் எழுந்து நடந்துகொண்டிருந்தவர்கள் மரியாதையாகத் திரும்பிவந்து உட்கார்ந்து கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று சாட்டி அவர்களிடம் வேண்டிப் பார்த்தார். யாரும் மசியவில்லை.

நீங்கள் மசியுங்கள். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, வீட்டில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது இதைத் தாழ்ந்த ஒலியில் போடுங்கள். பத்து நிமிடம் கழித்து அணைத்துவிட்டு அறையைக் கவனியுங்கள். அணைத்த பிறகுதான் அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியும்.

அடுத்து அவருடைய ‘சினிமா’. 1924 டிசம்பரில், ‘ரெலாஷ்’ பாலேயின் இரு அங்கங்களுக்கு நடுவே காட்டிய ‘ஆந்த்ராக்ட்’ என்ற குறும்படத்துக்கு எழுதியது. இயக்கியவர் ரெனே க்ளேர். காட்சிக்குக் காட்சி நேரம் பார்த்து எழுதப்பட்ட மிகப் பழைய திரையிசைகளில் இதுவும் ஒன்று. படம் ஏறக்குறைய இருபது நிமிடம், இணையத்தில் கிடைக்கிறது. முதலில் இசையை மட்டும் கேளுங்கள். சின்னச் சின்னத் துண்டுகள் திரும்பத் திரும்ப வந்து அலுப்பு தட்டும். பிறகு படத்தோடு பாருங்கள். ஒரு காட்சி எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரம் ஒரு துண்டு ஓடும். காட்சி மாறினால் துண்டும் மாறும். ஒட்டகம் இழுக்கும் சவவண்டி வரும் இடத்தில் ஷோப்பானின் சவ ஊர்வல இசை திரிந்து கேட்கும். தனியாகக் கேட்டபோது குறையாகத் தெரிந்தது இங்கே பொருத்தமாகிவிடும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஹிண்டமித்: யாருக்காக எழுதுகிறோம்?

பவுல் ஹிண்டமித் இன்று போதிய அளவு கேட்கப்படுவதில்லை என்பது என் கருத்து. அவர் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள வாத்தியம்) வாசித்துச் சம்பாதித்தவர். இசையை ஆக்குபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவே உறவு அறுந்துவிட்டது, எந்தத் தேவைக்கு எழுதுகிறோம் என்று தெரிந்தே எழுத வேண்டும் என்று 1920-களில் சொல்லிவந்தார். அந்தக் காலத்து ஜெர்மனியில் இதற்குக் ‘கெப்ராவுக்ஸ்மூசிக்’, அதாவது பயன்பாட்டு இசை, என்ற பெயர் புழங்கியது. பிற்காலத்தில் அந்த முத்திரையே தன்மேல் ஒட்டிக்கொண்டதை அவர் வெறுத்தார்.

அவரைக் கேட்க இரண்டு வயோலாப் படைப்புகள் போதும். முதலாவது, 1922-இல் எழுதிய தனி வயோலா சொனாட்டா, ஓபஸ் 25 எண் 1, நான்காம் பகுதி. வெறிபிடித்த வேகத்தில் வாசி, ஒலியின் அழகு முக்கியமில்லை என்று தாளிலேயே எழுதிவைத்திருக்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் முடியும்.

இரண்டாவது, ‘ட்ராவர்முசிக்’ என்ற இரங்கல் இசை. 1936 ஜனவரியில் தன் புதிய கான்செர்ட்டோவை வாசிக்க லண்டன் வந்திருந்தார். கச்சேரி 22-ஆம் தேதி. 20-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இறந்துவிட்டார். கச்சேரி ரத்து. மறுநாள் காலை 11 மணிக்கு பிபிசி கொடுத்த ஓர் அறையில் உட்கார்ந்தார், மாலை 5 மணிக்கு எழுந்தார். அதற்குள் வயோலாவுக்கும் தந்தி வாத்தியங்களுக்குமாக எட்டு நிமிட இசை தயார். அடுத்த நாள் மாலை அவரே வாசிக்க, ஏட்ரியன் போல்ட் நடத்த, வானொலியில் நேரடியாக ஒலிபரப்பானது. கடைசிப் பகுதியில் ஒரு பழைய தேவாலயப் பாடலின் மெட்டு வரும். இங்கிலாந்து மக்களுக்கு அது ஒரு பைபிள் சங்கீதப் பாடலின் மெட்டாக நன்றாகத் தெரிந்தது. ஆறு மணி நேரம், ஒரு நாட்டின் துக்கம், அன்றே படித்து வாசிக்கக்கூடிய எளிமை: இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஏன் வேகமான ஓட்டம் இல்லை, ஏன் தெரிந்த மெட்டு தேவைப்பட்டது என்பதற்கெல்லாம் காதே பதில் சொல்லும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ‘நாம் ஒரு நகரம் கட்டுகிறோம்’ என்ற 1930-ஆம் ஆண்டுப் படைப்பைப் போட்டுக் காட்டலாம். குழந்தைகளே பாடி, வாசித்து விளையாட எழுதியது. வாத்தியத்தை மாற்றலாம், சில பகுதிகளை விட்டுவிடலாம் என்று ஹிண்டமித் அனுமதி கொடுத்திருக்கிறார். வயலினும் மேற்கத்திய நொட்டேஷனும் தெரிந்தவர்கள் ஹங்கேரியின் பார்டோக் 1931-இல் எழுதிய இரு வயலினுக்கான 44 துண்டுகளை எடுத்து, இன்னொருவரோடு சேர்ந்து வாசியுங்கள். எளியதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை. வாசிக்க எழுதிய இசையை வாசித்தால்தான் முழுசாகத் தெரியும்.

பெர்லின், அப்புறம் ஒரு சண்டை

இசையமைப்பாளர் கர்ட் வைல், நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்டோடு சேர்ந்து செய்த ‘மூன்று காசு ஆப்பெரா’ 1928 ஆகஸ்ட் 31 அன்று மேடையேறியது. ஏழே வாத்தியக்காரர்கள், ஆளுக்குப் பல வாத்தியங்கள். பாடியவர்களில் பலர் நாடக நடிகர்கள். குரல் தாங்கும் அளவுக்குத்தான் மெட்டு. 1930-இல் லோட்டே லென்யா பாடிய பழைய பதிவைத் தேடுங்கள். பாட்டு கதையை முன்னே இழுத்துச் செல்வதில்லை. கதையை நிறுத்தி, பார்ப்பவரை யோசிக்க வைப்பதுதான் இங்கே அதன் வேலை.

ஹான்ஸ் ஐஸ்லர் ஷோன்பெர்க்கிடம் பயின்றவர். 1926-இல் ஆசிரியரோடு முறித்துக்கொண்டு, தொழிலாளர் பாடகர் குழுக்களுக்கு எழுதப் போனார். 1932-இல் வந்த ‘கூலே வாம்பே’ படத்தின் ஒற்றுமைப் பாடலைக் கேளுங்கள். தெருவில் நடந்துகொண்டே, இசைப் பயிற்சி இல்லாதவர்கள் பாட வேண்டும் என்பதே அதன் தாளத்தையும் மெட்டையும் தீர்மானிக்கிறது. ஷோன்பெர்க்குக்கு இது ஒப்பாது. எல்லோருக்குமானது கலையாகாது, கலையானது எல்லோருக்குமானதாகாது என்ற கருத்தில் அவர் கடைசிவரை நின்றார். இந்தச் சண்டையில் நான் யார் பக்கமும் சேரமாட்டேன். ஓபஸ் 19 இல்லாத உலகமும் வேண்டாம், ஒற்றுமைப் பாடல் இல்லாத உலகமும் வேண்டாம். இரண்டிலும் வீண் சுரம் கிடையாது. அந்தச் சிக்கனத்தை ஐஸ்லர் கற்றது ஷோன்பெர்க்கிடம்தான். நாஜி ஆட்சி இருவரையுமே நாட்டை விட்டு ஓட வைத்தது.

அடுத்து, ஒரு மணி நேரப் படைப்பு

இவ்வளவும் பழகிய பின் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘போர்வீரனின் கதை’க்குப் போங்கள். முதல் உலகப்போர் நேரத்தில் சுவிட்சர்லாந்தில் வருமானம் இல்லாமல் இருந்தபோது, ஊர் ஊராக எடுத்துச் செல்லும் சிறு நாடகமாக எழுத்தாளர் ரமூஸோடு சேர்ந்து செய்தது. 1918 செப்டம்பர் 28 அன்று லோசானில் அரங்கேறியது. அப்போது பரவிய இன்ஃப்ளுயன்சாவால் ஊர் ஊராகப் போகும் திட்டம் நின்றுபோனது. வாத்தியக்காரர்கள் ஏழு பேர்: கிளாரினெட், பஸூன், கார்னெட், ட்ராம்போன், வயலின், டபுள் பாஸ், தாள வாத்தியங்கள். ஒவ்வொரு வகையிலும் உயர்ந்த குரல் ஒன்று, தாழ்ந்த குரல் ஒன்று. பண நெருக்கடி ஆட்களைக் குறைத்தது. குறைந்த ஆட்களைக்கொண்டு ஸ்ட்ராவின்ஸ்கி கூர்மையான ஒரு ஒலியைக் கண்டுபிடித்தார்.

வசனத்தோடு கூடிய பதிவாகத் தேடுங்கள். கதையை முதலில் ஒரு தடவை படித்துவிடுங்கள்: போர்வீரன் தன் வயலினைச் சாத்தானிடம் ஒரு புத்தகத்துக்காகக் கொடுத்துவிடுகிறான். கேட்கும்போது வயலின் யாருடையது, தாள வாத்தியம் யாருடையது என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அணிவகுப்பில் இரண்டும் மாறி மாறி வரும். வயலின் எந்த இடத்தில் நின்றுபோகிறது, அதற்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதை நேரத்தோடு குறித்துக்கொண்டு, அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் இன்னொரு தடவை கேளுங்கள்.